சோற்றுக்கு ஒரு படிப்பா?



நமது கொங்கு நாட்டில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, "நான் உணவியல் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால், வீட்டில் முதலாவதாக எழும் கேள்வி, "சோறாக்குவதற்கும் ஒரு படிப்பா? அதற்குக் காலேஜ் எதற்கு? அப்பத்தாளிடம் ஆறு மாதம் இருந்தால் போதாதா?" என்பதேயாகும். ஒரு பையன் அப்படிச் சொல்லிவிட்டாலோ கேள்விகூட எழுவதில்லை, சிரிப்புத்தான் எழும்புகிறது. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கூட்டம் முடிந்த பின்பு தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடத்திலேயே வந்து, "ஏனுங்க, சாமிதான் இல்லைங்கறீங்க, அது போகட்டும்; சாப்பாட்டுக்கும் சர்ட்டிபிகேட் வேணுங்கறீங்களே, இது என்னுங்க நியாயம்?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்துடன் கேட்கவில்லை. ஊரிலே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மனதில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுக் கேட்டார். ஆகையால் அதற்குப் பதில் சொல்லவேண்டியது நமது கடமையாகிறது.

அந்தப் பெரியவர் வீட்டில் கறவை மாடு இருக்கிறது. மாடு சினையாயிருந்தால் புண்ணாக்கு எவ்வளவு, பருத்திக்கொட்டை எவ்வளவு, தவிடு எவ்வளவு, கன்று போட்ட பிறகு எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் கணக்கு. சந்தேகம் வந்தால் கால்நடை டாக்டரைக் கேட்க அவர் வெட்கப்படுவதில்லை. மாட்டுக்குச் செய்கிற இந்த யோசனை வீட்டு மருமகள் கர்ப்பமாயிருக்கும்போது எங்கே போய்விடுகிறது என்று நாம் கேட்கிறோம். மாட்டுக்குக் கணக்கு, மருமகளுக்குச் சகுனம்! எல்லாரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்பதுதானே அவளுக்கு விதித்த தர்மம்? சட்டியில் கறி தீர்ந்திருந்தால் ரசத்தோடு எழுந்திருக்க வேண்டியதுதானே?

இதன் பலனைச் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நமது தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு இரத்தச் சோகை. அய்ந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57.4 பேருக்கு இரத்தச் சோகை. வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத குழந்தைகள் நூற்றுக்கு 25. இது பஞ்ச காலத்துக் கணக்கல்ல. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிற காலத்துக் கணக்கு. வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை என்றால், சோறாக்கத் தெரிவது வேறு, சோற்றில் என்ன இருக்கிறதென்று தெரிவது வேறு என்பது விளங்கவில்லையா? அப்பத்தாளுக்கு முன்னது தெரியும். பின்னது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவள் குற்றமல்ல.

நிற்க, உணவைப்பற்றி இதுவரை நமக்குப் புத்தி சொல்லிவந்தவர்கள் யார் என்பதைப் பார்ப்போம். எந்த நாளில் எதைத் தின்பது, யார் கையால் தின்பது, யார் பந்தியில் யார் உட்காருவது என்று நூற்றுக்கணக்கான விதிகளைச் சாஸ்திரக்காரர்கள் செய்துவைத்தார்கள். ஆனால் எதைத் தின்றால் எலும்பு வளரும், எதைத் தின்னாவிட்டால் கண் மங்கும் என்று ஒருவராவது அளந்து பார்த்துச் சொன்னதுண்டா? அவர்கள் பார்த்ததெல்லாம் தீட்டு ஒன்றுதான். அந்தத் தீட்டுக் கணக்கு எவ்வளவு தலைகீழானது என்பதற்கு அரிசி ஒன்றே போதும்.

திதி, விரதம், நைவேத்தியம் எல்லாவற்றிற்கும் பச்சரிசிதான் சுத்தம் என்பார்கள். புழுங்கலரிசி ஒருமுறை வெந்துவிட்டதாம். ஆகையால் மடிக்கு ஆகாதாம். விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்லிற்று? 1890களில் ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கண்டார். புதிதாக வந்த சமையற்காரர், பட்டாளத்து அரிசியைக் கோழிக்குப் போட மாட்டேன் என்று மறுத்து மட்ட அரிசியைப் போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. உமிக்கு அடுத்த தவிட்டில்தான் ஏதோ உயிர்ச்சத்து இருக்கிறது என்பது அங்கிருந்துதான் படிப்படியாகத் தெரிந்தது. அதைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். 1929 இல் எய்க்மானுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தச் சத்துக் குறைந்தால் வருவதே கை கால் மரத்து, வீங்கி, இருதயம் நின்றுபோகும் பெரிபெரி என்னும் வியாதி. அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் இந்த வியாதி, இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில் இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. காரணம் மிகவும் எளிது. நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை. தீட்டென்று ஒதுக்கிய அரிசி மக்களைக் காப்பாற்றிற்று; சுத்தமென்று உயர்த்திய அரிசி காலை முடக்கிற்று. இதைச் சொல்லுவதற்கு எந்த வேதம் உதவிற்று?

இந்த ஆராய்ச்சியின் ஒரு பெரும் பகுதி நமக்கு எட்டாத சீமையில் நடக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வருகிற குன்னூரில் நடந்தது. 1918 இல் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஒரு அறையில், பெரிபெரி விசாரணைக்கென்று ராபர்ட் மெக்காரிசன் என்ற வைத்தியர் தொடங்கிய சிறு வேலைதான் பின்பு உணவுச் சத்து ஆராய்ச்சிச்சாலையாக வளர்ந்து, 1958 இல் அய்தராபாத்திற்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயருடன் இன்றும் நடந்துவருகிறது. 1937 இல் குன்னூரிலிருந்து ஆய்க்ராய்டு என்பவர் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலே பின்னால் வந்த பட்டியல்களுக்கெல்லாம் முன்னோடி.

மெக்காரிசன் செய்த ஒரு சோதனையை நமது தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஒரே இனத்து எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உண்ணும் உணவு, ஒன்றிற்குப் பட்டாணியர் உணவு, ஒன்றிற்கு வங்காளியர் உணவு, ஒன்றிற்குச் சென்னை மாகாணத்தார் உணவு என்று கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது மாமிசம் என்று தின்ற சீக்கிய எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய நமது மாகாணத்து எலிகள் கடைசியில் நின்றன. அந்நாளில் வெள்ளைக்காரச் சர்க்கார் சீக்கியரையும் பட்டாணியரையும் 'வீர ஜாதி' என்றும், மற்றவர்களை அப்படியல்ல என்றும் பட்டாளத்துக்கு ஆளெடுத்துக் கொண்டிருந்தது. எலிக்கு ஜாதி ஏது? ஜாதகம் ஏது? முன்ஜென்மத்துப் புண்ணியம் ஏது? பிறவியில் வந்ததென்று நினைத்த உயரமும் பலமும் பெரும்பாலும் தட்டில் வந்தது என்பதை ஓர் எலிக்கூண்டு காட்டிவிட்டது. உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று பேசுகிறவர்கள் இந்தக் கூண்டுக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இப்படியிருக்க, நாம் எங்கே நிற்கிறோம்? 2019 டிசம்பர் 26 ஆம் தேதி காலையில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோவையும் ஈரோடும் அதன் நடுப்பாதையிலேயே இருந்தபடியால் சூரியன் வளையம்போல் தெரிந்ததைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் விஞ்ஞானிகள் வந்தார்கள். எந்த நிமிஷத்தில் தொடங்கும், எந்த நிமிஷத்தில் முடியும் என்பதைக் கணக்கிட்டுச் சொன்னது விஞ்ஞானம். அந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு, கிரகணம் விடும்வரை கர்ப்பிணிகள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதென்று அறையில் பூட்டிவைத்தது நமது பக்தி! காலை எட்டு மணி முதல் பதினொரு மணிக்கு மேல் வரை, முந்தின இரவு உண்டதோடு, கர்ப்பகாலச் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பெண் பட்டினி கிடந்தால் அவள் சர்க்கரை எந்த அளவுக்கு இறங்கும் என்பது சோசியருக்குத் தெரியுமா? உணவியல் படித்த பெண்ணுக்குத் தெரியும்.

இந்தப் படிப்பு கோவையில் நேற்று வந்ததல்ல. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்துக் கல்வி மந்திரியாயிருந்த திரு. தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1957 இல் பெண்களுக்கென்று ஒரு மனையியல் கல்லூரியை இவ்வூரில் ஏற்படுத்தினார். அவருடைய பக்தி மார்க்கத்திற்கும் நமக்கும் வெகுதூரம். ஆனால் பெண்கள் கையில் சோதனைக் குழாயைக் கொடுத்தார் என்பதை மறைப்பது நமது வழக்கமல்ல. அந்தக் கல்லூரியை வளர்த்தவர் ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார். அமெரிக்காவிலுள்ள ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்து, இங்கே முதல்வராகவும் பின்பு துணைவேந்தராகவும் இருந்து, உணவுச் சத்தைக் கிராமங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோனவர். 1992 இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். கல்லூரியும் 1988 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஓர் அம்மையார் 'சோறாக்குகிற படிப்பை' படித்துத் துணைவேந்தராக முடிந்ததென்றால், அது வெறும் சோறாக்குகிற படிப்பாயிருக்க முடியுமா?

அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? சாம்பார் வைப்பதையா? மூன்று வருஷ இளங்கலையில் இரசாயனம், உடலியல், உயிர் இரசாயனம், கிருமியியல் எல்லாம் உண்டு. தின்ற சோறு குடலில் என்ன ஆகிறது, கல்லீரல் அதை என்ன செய்கிறது, எந்த வியாதியில் எந்த உறுப்பு எதைத் தாங்காது என்பதெல்லாம் பாடம். ஒரு குடும்பம் நேற்று முழுவதும் என்ன தின்றது என்று கேட்டு, எடைபோட்டு, அதில் இரும்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று கணக்கிடப் பழக்குகிறார்கள். பிறகு இரண்டு வருஷம் முதுகலை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவு மட்டுமே சுண்ணாம்பும் இருப்பது தெரிந்த ஒரு பெண், நமது பாட்டனார் உண்ட ராகிக் களியை 'ஏழைச் சோறு' என்று வெட்கப்பட்டு ஒதுக்கிய நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டாளா? அதே பெண், களி நல்லதென்று கேட்டவுடன் குண்டான் கணக்கில் தின்னத் தொடங்குகிற சர்க்கரை வியாதிக்காரரையும் தடுத்து நிறுத்துவாள். களியும் மாவுப்பொருள்தானே? சிறுதானியம் என்ற பெயரைக் கேட்டதும் அதையும் ஒரு சாமியாக்கிக் கும்பிடுவது நமது புத்தி. அளந்து சொல்லுவது அவள் வேலை. பனியன் கம்பெனிப் பெண்களுக்கு, சோறுண்ட கையோடு டீ குடித்தால் சோற்றிலுள்ள இரும்பு உடம்பில் சேராமல் போகிறது, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால், அதற்குக் காசா பணமா?

இன்னொரு உதாரணம் சொல்லுகிறோம். இது உயிர் போகிற விஷயம். பொள்ளாச்சி இளநீர் நமக்கெல்லாம் பெருமை. யார் படுத்தாலும் இரண்டு இளநீரோடுதான் பார்க்கப் போகிறோம். "குளிர்ச்சி, குடியுங்கள்" என்கிறோம். சிறுநீரகம் கெட்டு, வாரத்திற்கு இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் ஒருவருக்கு அந்த இளநீர் என்ன செய்யும் தெரியுமா? அதில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. அது இரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பே நின்றுபோகும். சூடு, குளிர்ச்சி என்ற இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தையே அளக்கிற நமது கைவைத்தியம் இந்த இடத்தில் கொலை செய்கிறது. அந்த நோயாளி காய்கறியே தின்னக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். மற்றவர்களுக்கு, காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதே என்று சொல்லுகிற அதே உணவியலார், இவருக்குக் கொட்டு என்று சொல்லுகிறார். ஆளைப் பார்த்து, இரத்தச் சோதனையைப் பார்த்துச் சொல்லுவது அது. இதற்குப் படிப்பு வேண்டாமா? டாக்டர் நாலு நிமிஷத்தில் மருந்து எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். வீட்டுக்குப் போய் என்ன தின்பது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஆஸ்பத்திரியில் ஒருவர் வேண்டாமா?

அன்றியும் நமது நாட்டில் உணவியல் என்பது ஆஸ்பத்திரிக்குள் அடங்கிவிடுகிற காரியமல்ல. 1920 இல் சென்னை நகரசபையில் திரு. பி. தியாகராயர் தலைவராயிருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட்டார்கள். 1956 இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982 இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989 இல் கலைஞர் முட்டை சேர்த்தார். முதலில் பதினைந்து நாளைக்கு ஒன்றாயிருந்தது, படிப்படியாகக் கூடிப் பள்ளி நாள்தோறும் ஒன்று என்றாயிற்று. 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. நமது நாமக்கல் கோழிப்பண்ணை முட்டை ஏழைப் பிள்ளையின் தட்டில் விழுவது எந்தக் கோயில் பிரசாதத்தையும்விட மேலானது என்பது நமது அபிப்பிராயம். 2021 இல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க முற்பட்டபோது சில மடாதிபதிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்கள் யாராவது ஒரு பிள்ளையின் எடையையாவது பார்த்தார்களா? வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடு என்றால் தீர்ந்துபோகிற விஷயத்தை, வேண்டுகிற பிள்ளையின் வாயிலிருந்தும் பிடுங்குகிற விஷயமாக்குவதுதான் அவர்கள் தர்மம்.

வெளிமாநிலத்து மடாதிபதிகளைச் சொல்லிவிட்டு நம்மைத் தப்பவிடுவது யோக்கியமாகாது. 2018 ஜூலையில் திருப்பூர் ஜில்லா திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சமையலராக வந்த தாழ்த்தப்பட்ட சமூகத்து அம்மையார் சமைக்கக் கூடாதென்று ஜாதி இந்துப் பெற்றோர்கள் எதிர்த்ததும், அதிகாரிகள் முதலில் அந்த அம்மையாரையே இடம் மாற்றியதும், கிளர்ச்சி எழுந்த பிறகு அந்த உத்தரவை ரத்து செய்ததும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவானதும் பத்திரிகைகளில் வந்தவைதான். முட்டையில் புரதம் சுமார் 6 கிராம். வேகவைத்தவர் ஜாதி மாறினால் அது 5 கிராம் ஆகிவிடுமா? எந்தப் பரிசோதனைச் சாலையிலாவது ஜாதியைப் பிரித்தெடுத்துக் காட்டியதுண்டா? உணவில் தீட்டைப் பார்க்கிற கண்ணுக்குச் சத்துத் தெரியாது. சத்தைப் பார்க்கிற கண்ணுக்குத் தீட்டுத் தெரியாது. நமது ஒன்றியங்கள்தோறும் உணவியல் படித்த ஒருவரை வைத்து, மய்யங்களில் உண்ணும் பிள்ளைகளின் எடையையும் இரத்தத்தையும் பார்த்துவரச் செய்யவேண்டும் என்பது நமது கோரிக்கை. அப்படி வருகிறவர் அந்தச் சமையலறையில் முதல் கவளத்தை உண்டு காட்டட்டும்.

இனி, படித்தவர் இல்லாத இடத்தில் யார் புகுகிறார்கள் என்று பாருங்கள். முன்பு மந்திரித்த விபூதி விற்றவர்கள் இப்போது பொடி விற்கிறார்கள். யூடியூபில் ஒருவர் தோன்றி, சர்க்கரை வியாதியை 40 நாளில் வேரறுக்கிறேன், ஊசியைத் தூக்கியெறி என்கிறார். இன்சுலின் இல்லாவிட்டால் பிழைக்க முடியாத குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. இப்படி வியாதிகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954 ஆம் வருஷமே ஒரு சட்டம் வந்திருக்கிறது; அதன் பட்டியலில் சர்க்கரை வியாதியும் இருக்கிறது. சட்டம் அலமாரியில் தூங்குகிறது. பொடி தபாலில் போகிறது. பத்து நாள் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து 'டயட்டீஷியன்' என்று பலகை மாட்டிக்கொள்ளுகிறவர்களும் இந்த வகையில் சேர்ந்தவர்களே. 2021 இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழிலினர் சட்டம், உணவியலாரையும் தனது பட்டியலில் சேர்த்துப் பதிவுக்கு வழி வகுத்திருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் இந்தப் பித்தலாட்டம் ஓரளவு குறையும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படிப்பில் பெண்ணைச் சேர்க்கிறவர்களிலும் பலர், "கல்யாணத்துக்கு நல்ல அம்சம், மாப்பிள்ளை வீட்டார் விரும்புவார்கள்" என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். பட்டம் வாங்கியதும் நகையோடு சேர்த்து அதையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அய்ந்து வருஷம் படித்த விஞ்ஞானத்தை ஒரு மாமியாருடைய நாக்குக்காக மட்டும் செலவிடச் சொல்லுவது எவ்வளவு பெரிய அநியாயம்! 'மனையியல்' என்ற பெயரே இந்த எண்ணத்திற்குக் கொஞ்சம் இடங்கொடுத்துவிட்டது என்று நமக்கு ஒரு வருத்தம் உண்டு. சோறு தின்பதில் ஆணும் பெண்ணும் சமம். சோற்றைப்பற்றிப் படிப்பதில் மட்டும் ஆணுக்கு என்ன கவுரவக் குறைச்சல்? கல்யாணப் பந்திக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவர் ஆணாயிருந்தால் 'மாஸ்டர்' என்கிறோம். வீட்டில் அய்ந்து பேருக்குச் சமைக்கிறவர் பெண்ணாயிருந்தால் 'சும்மாதான் இருக்கிறாள்' என்கிறோம். இருபாலரும் பயிலும் கல்லூரிகளிலும் இந்தப் பாடம் இருக்கிறது, பையன்களும் சேரட்டும்.

தொடக்கத்தில் சம்பளம் கொழுத்திருக்கும் என்று நாம் ஆசை காட்டவில்லை. சில ஆஸ்பத்திரிகள் உணவியலாரைக் கேண்டீன் மேற்பார்வைக்கு நிறுத்தி அனுப்பிவிடுவதும் உண்டு. அதற்காகத்தான் முறையான தகுதியைப் பெறவேண்டும் என்கிறோம். 1963 இல் ஏற்பட்ட இந்திய உணவியல் சங்கம் ஒரு தேர்வு நடத்திப் 'பதிவு பெற்ற உணவியலார்' என்ற தகுதியைக் கொடுக்கிறது. அதற்கு இந்தத் துறையில் உரிய படிப்பும் ஆஸ்பத்திரியில் பயிற்சியும் வேண்டும். ஆகவே பரீட்சை முடிவு வந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கும்போது கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்க்காமல், நோயாளிகளிடம் நேரில் பழகும் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம், சோதனைச் சாலையில் பிள்ளைகளே கைவைத்துச் செய்கிறார்களா அல்லது நின்று பார்க்கிறார்களா, படித்து வெளியேறியவர்கள் எங்கெங்கே வேலையிலிருக்கிறார்கள் என்று கேட்டு, திருப்தியான பிறகு பணத்தைக் கட்டுங்கள். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தால் இடம் போய்விடும்.